முதல் ட்ராக் டே: டயருக்குச் சில குறிப்புகள்

ஓசூரில் ஷிப்ட் முடித்து, தேன்கனிக்கோட்டை வழியாக அஞ்செட்டிக்கு வண்டியில் திரும்பும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அப்பாச்சி ஆர்.ஆர். 310 ஓசூரில்தான் உருவாகிறது. அதே ஊரில் வேலை பார்த்துக்கொண்டு அதே வண்டியை ஆசையாக வாங்கி வைத்திருப்பவனுக்கு ஒருநாளாவது ரேஸ் ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கத் தோன்றுவது இயல்பு. போகட்டும். யானையும் மாடும் குறுக்கே வரும் அஞ்செட்டிக் காட்டுப் பாதையில் வேகம் பார்ப்பதைவிட, 1990-ல் திறந்த, சென்னைப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கிலோ கோவை செட்டிப்பாளையத்து கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ பணம் கட்டி ஓட்டுவது எவ்வளவோ மேல். அங்கே போகும் புதியவர்கள் ஹெல்மெட்டையும் ஜாக்கெட்டையும் பற்றிப் பத்துப் பேரிடம் கேட்கிறார்கள். டயரைப் பற்றி அந்த அளவுக்குக் கேட்பதில்லை. வண்டியில் தரையைத் தொடுவது டயர் மட்டும்தான். அதுவும் உள்ளங்கை அளவு இடத்தில்.

1. காற்றழுத்தம் பார்க்கச் சொந்தமாக ஒரு கேஜ் வாங்குங்கள். முள் கேஜோ டிஜிட்டலோ, எதுவானாலும் சரி. பெட்ரோல் பங்க் கேஜுக்கும் பஞ்சர் கடை கேஜுக்கும் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. வித்தியாசம் வருவது சாதாரணம். உங்கள் கேஜ் ஒரு பி.எஸ்.ஐ. கூடக் குறையக் காட்டினாலும் பரவாயில்லை, தினமும் அதே அளவு தவறாகக் காட்டினால் போதும். நாளுக்கொரு கேஜில் பார்த்தால் எந்தக் கணக்கும் நிற்காது.

2. காற்றழுத்தத்தின் தொடக்க எண்ணை வண்டியிலேயே தேடுங்கள். பைக்கில் செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஸ்டிக்கர் இருக்கும். காரில் டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும். ஒருவர் ஓட்டும்போது எவ்வளவு, பின்னால் ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு என்று பல வண்டிகளில் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். ட்ராக்கில் நீங்கள் மட்டும்தான். டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்துக் காற்று அடிக்காதீர்கள்.

3. ‘குளிர்ந்த டயர்’ என்றால் வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் ஓடாமல் நிழலில் நின்றிருக்க வேண்டும். வெயிலில் நிறுத்திய வண்டியில் வெயில் படும் பக்கத்து டயரின் அழுத்தம், ஒரு அடிகூட ஓடாமலே ஏறிவிடும். ட்ராக் ஓரத்துப் பிட்டில் நிழல் பார்த்து வண்டியை நிறுத்துவது டயர் வேலையில் சேர்ந்ததுதான்.

4. ஊரிலேயே காற்றைச் சரிபார்த்துவிட்டோம், அங்கே போய்ப் பார்க்க வேண்டியதில்லை என்று இருந்துவிடாதீர்கள். நம் பக்கத்துக்காரர்கள் இதைக் கவனிக்க ஒரு தனிக் காரணம் உண்டு. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். இருங்காட்டுக்கோட்டை கிட்டத்தட்ட கடல்மட்டம். கேஜ் காட்டுவது உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளியே இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். கீழே இறங்க இறங்க வெளிக்காற்றின் அழுத்தம் கூடும்; அதனால் மட்டும் கேஜில் ஏறக்குறைய 1.5 பி.எஸ்.ஐ. குறையும். ஆனால் ஓசூர் விடியற்காலைக் குளிரில் 20 டிகிரியில் அடித்த காற்று, சென்னைப் பக்கம் 32 டிகிரியில் நின்றால் அதே அளவுக்குச் சற்று மேலேயே ஏறும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி, கேஜ் பழைய எண்ணையே காட்டலாம். மழை பெய்து குளிர்ந்திருந்தால் காட்டாது. ஆகவே முதல் நாள் மாலையே போய்ச் சேர்ந்து, இரவு அங்கே தங்கி, காலையில் வண்டியை நகர்த்தும் முன் பாருங்கள். அந்த எண்ணுக்குத்தான் மதிப்பு.

5. சூட்டுக் கணக்கு. 28 அல்லது 30 பி.எஸ்.ஐ. வைத்த டயரில் உள்காற்று 10 டிகிரி ஏறினால் அழுத்தம் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. ஏறும். 32 டிகிரியில் 28 வைத்து இறங்குகிறீர்கள். ஐந்தாறு சுற்றில் உள்ளே 65 டிகிரி ஆகிவிட்டால் கேஜ் முப்பத்திரண்டரையைத் தொடும். ட்ராக்கில் டயர் வேலை செய்வது இந்தச் சூட்டு எண்ணில். பிட்டுக்குள் வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே கேஜை வையுங்கள். நண்பர் ஒருவரைக் கேஜுடன் நிற்கச் சொன்னால் இன்னும் நல்லது. ஐந்து நிமிடம் பேசிவிட்டுப் பார்த்தால் உண்மை எண் போய்விட்டிருக்கும்.

6. அந்த ஏற்றம்தான் செய்தி. ஏறவே இல்லையென்றால் டயர் இன்னும் சூடேறவில்லை: நீங்கள் மெதுவாக ஓட்டியிருக்கலாம், அல்லது காற்று அதிகம் இருந்து டயர் வளைந்து கொடுக்காமல் இருந்திருக்கலாம். அளவுக்கு மீறி ஏறினால் பெரும்பாலும் தொடக்கத்தில் காற்று குறைவு. குறைந்த காற்றில் டயர் அதிகம் கசங்கும், கசங்கக் கசங்கச் சூடாகும். காற்று ஏறிவிட்டதே என்று அப்போது இன்னும் இறக்கினால் நோய் முற்றும். புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். இதைத் திரும்ப ஒருமுறை படியுங்கள்.

7. பக்கத்து பிட்காரர் சொல்லும் எண்ணை அப்படியே வைக்காதீர்கள். என் முதல் ட்ராக் நாளில் அனுபவசாலி ஒருவர் நல்லெண்ணத்தோடு ஓர் எண் சொன்னார். அவருடையது வேறு டயர், வேறு எடை, என்னைவிட இரண்டு மடங்கு வேகம். நான் முன்னும் பின்னும் ஒரேயடியாக ஆறு பி.எஸ்.ஐ. இறக்கினேன். அடுத்த செஷனில் வளைவுக்குள் சாய்க்கும்போது ஹேண்டில் கனத்தது, வண்டி சொன்ன பேச்சைக் கேட்க அரை நொடி எடுத்தது. பயந்துபோய் உள்ளே வந்துவிட்டேன். ஸ்டிக்கர் எண்ணில் தொடங்குங்கள். மாற்றினால் 2 பி.எஸ்.ஐ.-க்கு மேல் மாற்ற வேண்டாம். ஒரு செஷனில் முன் டயர் அல்லது பின் டயர், ஒன்றை மட்டும் தொடுங்கள். டயர் கம்பெனி சொல்லும் குறைந்தபட்சத்துக்குக் கீழே போகவே கூடாது.

8. காற்றைக் குறைத்தால் பிடிமானம் கூடும் என்பது ஒரு எல்லை வரைதான். 2013-ல் சில்வர்ஸ்டோன் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் அடுத்தடுத்துப் பல கார்களின் டயர்கள் வெடித்தன. பிரெல்லி கம்பெனி சொன்ன காரணங்களில் குறைந்த காற்றழுத்தமும் ஒன்று. மோட்டோ ஜிபி-யில் முன் டயர் 1.80 பாருக்குக் கீழே ஓடினால் 2025 விதிப்படி தண்டனை உண்டு. 2025 மார்ச் மாதம் தாய்லாந்தில் முதலில் ஓடிக்கொண்டிருந்த மார்க் மார்க்கெஸ், தம்பி அலெக்ஸை முன்னே விட்டுப் பின்னால் போனார். முன்னே போகும் வண்டியின் சூடான காற்று பட்டு முன் டயர் அழுத்தம் ஏறியதும், திரும்ப முந்திப் பந்தயத்தை வென்றார். உலகின் முதல்தர ஓட்டுநரே அழுத்தத்துக்காக முதலிடத்தை விட்டுக்கொடுக்கிறார். ஆனால் அந்த 1.80-ஐ உங்கள் வண்டியில் வைக்காதீர்கள். அவருடையது பள்ளமே இல்லாத ஸ்லிக் டயர், கட்டமைப்பே வேறு.

9. டயர் பட்டன்களுக்கு இடையே உள்ள பள்ளத்தின் ஆழம் பார்க்கத் தீக்குச்சி போதும். பள்ளத்தில் நுழைத்து, டயர் மட்டத்தில் நகத்தால் கிள்ளி, ஸ்கேலில் வைத்து அளந்து பாருங்கள். பள்ளத்துக்குள் சிறு மேடு ஒன்று இருக்கும்; அது இருக்கும் இடத்தை டயரின் பக்கத்தில் அம்புக்குறியோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ காட்டும். தேய்மானம் அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. நம் நாட்டு விதிப்படி பைக்குக்கு 0.8 மி.மீ., காருக்கு 1.6 மி.மீ. கடைசி எல்லை. ட்ராக்குக்குப் போகும் பைக் டயரில் 2 மி.மீ.யாவது மிச்சம் இருக்கட்டும் என்பேன். ஒரு நாள் ட்ராக் ஓட்டம் பல நூறு கிலோமீட்டர் ரோட்டு ஓட்டத்தின் தேய்மானத்தைத் தின்றுவிடும். அன்று மாலை அதே டயரில்தான் வீடு திரும்ப வேண்டும்.

10. நடுவில் மட்டும் பார்க்காதீர்கள். நடு, இடது, வலது என்று மூன்று இடம். நெடுஞ்சாலையில் நேராகவே ஓடிய டயர் நடுவில் தட்டையாகியிருக்கும். அந்தத் தட்டையின் விளிம்பைத் தாண்டிச் சாய்க்கும்போது வண்டி ‘தொப்’பென்று விழுவதுபோல் இருக்கும். பட்டன் மிச்சமிருந்தாலும் அப்படிப்பட்ட டயர் ட்ராக்குக்கு உதவாது.

11. பக்கச் சுவரில் சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. ஐந்து ஆண்டுக்கு மேல் போன ரப்பர், பார்க்கப் புதிதாக இருந்தாலும் இறுகிப்போயிருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், புது டயரையும் அழுத்திப் பாருங்கள், விரலுக்கே தெரியும்.

12. நம் ஊர் வழிக்கு ஏற்ற குறிப்பு: புறப்படும் முன் டயரை ஒரு முழுச் சுற்று கையால் உருட்டி, முள், ஆணி, ஜல்லிச் சில்லு தேடுங்கள். வேலாமுள் உடைந்து உள்ளே நின்றால் வாரக்கணக்கில் காற்று மெல்ல இறங்கும், பஞ்சர் என்றே தெரியாது. முந்தின இரவு எண்ணையும் காலை எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள், 2 பி.எஸ்.ஐ. இறங்கியிருந்தால் ஷாம்பு கலந்த தண்ணீரை டயரிலும் வால்விலும் ஊற்றிக் குமிழி பாருங்கள். குச்சி பஞ்சர் போட்ட டியூப்லெஸ் டயர் சந்தைக்குப் போய்வர உதவும். ட்ராக்கில் அதை நம்பாதீர்கள்.

13. வால்வு மூடி இல்லாமல் ஓட்டாதீர்கள்.

14. புது டயர் போட்ட மறுநாள் ட்ராக்குக்குப் போகாதீர்கள். அதன் பளபளப்பு போகும்வரை நூறு கிலோமீட்டராவது ரோட்டில் நிதானமாக ஓட்டுங்கள்.

15. ஒவ்வொரு செஷனிலும் முதல் இரண்டு சுற்று டயருக்கானது. மதியம் சாப்பிட்டுவிட்டு இறங்கும்போதும் அப்படித்தான்: தார் கொதித்தாலும், நிழலில் நின்ற டயர் ஆறித்தான் இருக்கும்.

16. டயரின் முகத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நன்றாக வேலை செய்த டயர், நைஸ் உப்புத்தாள் போல ஒரே சீராகச் சொரசொரத்து இருக்கும். கந்தலாக, ஆழமாகப் பிய்ந்து விளிம்புகள் தூக்கி நின்றால், டயர் போதிய அளவு சூடேறாமல் உழைத்திருக்கலாம். காற்று அதிகமா என்று முதலில் பாருங்கள். மேலோட்டமாக உருகி உருண்டு, நீலம் படர்ந்து வழவழத்தால் அது சூடு மீறிய அறிகுறி; காற்று குறைவா என்று பாருங்கள். ஷாக் அப்சார்பர் செட்டிங் சரியில்லாமலும் இதே அடையாளங்கள் வரும் என்பதால், பார்த்தவுடன் தீர்ப்பு எழுத வேண்டாம். போனில் படம் எடுத்து, பக்கத்திலேயே சூட்டு எண்ணைக் குறித்து வையுங்கள். நாலு செஷன் படங்களை வரிசையாகப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும். மேலே ஒட்டியிருக்கும் ரப்பர் உருண்டைகள் உங்கள் டயரின் தேய்மானம் அல்ல, தளத்தில் கிடந்தவை. சுரண்டிவிட்டு அடியில் பாருங்கள்.

17. கடிகாரச் சுற்றில் ஓடும் ட்ராக்கில் வலது வளைவுகள் அதிகம். பைக்கில் வலது தோள் சீக்கிரம் தேயும்; காரில் எடை சாய்வதால் இடது பக்க டயர்கள் தேயும். காரில் வந்தால் பள்ளிக்கூட வெள்ளை ஷூவுக்குப் போடும் பாலிஷை எடுத்துவாருங்கள். டயர் ஓரத்திலிருந்து பக்கச் சுவர் வரை ஒரு கோடு இழுத்து ஓட்டிவிட்டு வந்து, கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்று பாருங்கள். பக்கச் சுவரில் இறங்கி அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, காற்று குறைவு. ஓரத்துக்கு எட்டாமலே நின்றால் காற்று அதிகம்.

18. டயர் ஓரத்தில் தேயாமல் மிச்சமிருக்கும் பட்டையைப் பார்த்துத் தம்பிகள் வெட்கப்படுகிறார்கள். அது டயரின் வடிவம், உடல் சாய்க்கும் முறை எல்லாவற்றையும் பொறுத்தது. அதை அழிக்க வேண்டும் என்று சாய்த்து விழுந்த பிள்ளையைத் தூக்கியிருக்கிறேன். வேண்டாம், தம்பி.

19. நைட்ரஜன் வேண்டுமா என்று கேட்பார்கள். நாம் அடிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். புதியவருக்குத் தேவையில்லை.

20. திரும்பும்போது காற்றை நிரப்புங்கள். மாலையில் உடம்பு சோர்ந்திருக்கும், மனம் நிறைந்திருக்கும், மறந்துபோகும். ட்ராக்குக்காக இறக்கிய டயரோடு, பை கட்டி, நண்பனையும் ஏற்றிக்கொண்டு ஒருமுறை வாணியம்பாடி வரை வந்துவிட்டேன். பின்பக்கம் மெல்ல ஆடியபிறகுதான் நினைவு வந்தது. தொட்டுப் பார்த்தால் கை வைக்க முடியாத சூடு. ட்ராக்கை விட்டுக் கிளம்பும் முன், டயர் ஆறியபின் ரோட்டு எண்ணுக்கு ஏற்றுங்கள்; ஆறக் காத்திருக்க முடியாவிட்டால் ஸ்டிக்கர் எண்ணைவிட மூன்று நான்கு கூட்டி வைத்து, மறுநாள் காலை வீட்டில் சரிசெய்யுங்கள். இரவாகிவிட்டால் தேன்கனிக்கோட்டையிலேயே தங்கிவிடுங்கள். கீழே காடு, யானைக்கு வழி விட வேண்டிய நேரம் அது. காலையில் வெளிச்சத்தில், டயரை ஒரு சுற்று உருட்டிப் பார்த்துவிட்டு, இறங்கலாம்.