கையை நீட்டிய பிறகு

கசார்வாடி, புனே

அன்புள்ள யாழினி,

14 வயதுக்குட்பட்டோர் ரக்பி ஆட்டத்துக்கு நடுவராக நிற்கப்போகிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். உன் கேள்வியையும் சொன்னாள்: ஒரு அணி தப்பு செய்துவிட்டது, பந்தோ மற்ற அணியிடம் இருக்கிறது, அட்வான்டேஜ் என்று எவ்வளவு நேரம் விடுவது?

சட்டப் புத்தகத்தில் இதற்கு நொடிக்கணக்கு கிடையாது. அனுகூலம் தெளிவாக, உண்மையாகக் கிடைத்திருக்க வேண்டும், வெறும் வாய்ப்பு போதாது என்கிறது. கிடைக்காவிட்டால் தப்பு நடந்த இடத்துக்கே திரும்பு என்கிறது. தீர்மானிப்பது நீ ஒருத்திதான். அதனால் கடிகாரத்தை விடு. இப்போதே விசில் அடித்தால் இந்தப் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும் என்று முதலில் யோசி.

பெரியவர்கள் ஆட்டத்தில் இந்த முடிவு சுலபம். உதாரணத்துக்கு, 2019 ஜூனில் மணிலாவில் நம் இந்தியப் பெண்கள் அணி சிங்கப்பூரை 21-19 என்று வென்றது. 15 பேர் ஆட்டத்தில் அவர்களின் முதல் சர்வதேச வெற்றி. கடைசிக் கட்டத்தில் சுமித்ரா நாயக் உதைத்த பெனால்ட்டிதான் அதைத் தந்தது. அப்படி உதைப்பவர் இருக்கும் அணிக்கு, கம்பத்துக்கு நேரே பெனால்ட்டி என்றால் 3 புள்ளி பையில் இருக்கிற மாதிரி. 5 புள்ளி டிரை விழுமா என்று நடுவர் தாராளமாக விட்டுப் பார்க்கலாம்.

ஆனால் உன் ஆட்டத்தில் விளையாடும் 13 வயதுப் பையனை 30 மீட்டரிலிருந்து உதைக்கச் சொல், பந்து பாதி வழியில் தரையில் உருளும். அவனுக்குப் பெனால்ட்டியின் மதிப்பு வேறு. எதிரணி 10 மீட்டர் பின்வாங்கியாக வேண்டும். அவன் பந்தைக் காலால் லேசாகத் தட்டி எடுத்துக்கொண்டு ஓடலாம். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த 10 மீட்டர் பெரிய சொத்து. ஆட்டம் தடையில்லாமல் ஓடினால் பார்க்க அழகு என்பதற்காக அதை அவர்களிடமிருந்து பறிக்காதே.

தரையில் கிடக்கும் பந்துக்கு மேலே இரு அணியும் முட்டித் தள்ளும் ஒரு ரக்கை எடுத்துக்கொள். சிவப்புச் சட்டைக்காரன் தரையில் கிடந்தபடியே பந்தைக் கையால் இழுக்கிறான். பந்து எப்படியோ நீல அணியின் ஸ்க்ரம்-ஹாஃபிடம் வந்துவிட்டது. நீல அணி பக்கம் இடுப்பு உயரத்தில் கையை நீட்டி, "அட்வான்டேஜ், நீலம்!" என்று உரக்கச் சொல். சொல்லாவிட்டால் பிள்ளைகள் விசிலை எதிர்பார்த்து நின்றுவிடுவார்கள். உடனே ஹாஃபுக்குப் பின்னால் பார். பந்து வாங்க ஆளில்லாமல் அவன் தவித்தால் அடி விசிலை. இரண்டு பேர் தயாராக நின்று, எதிரே வெட்டவெளியும் இருந்தால் விடு. பந்தோடு ஒருவன் 10 மீட்டர் தாண்டிவிட்டானா, "அட்வான்டேஜ் முடிந்தது" என்று அறிவித்துவிடு. அதற்குப் பிறகு பந்தை நழுவவிட்டால் அது அவன் பாடு. அப்போதும் பழைய தப்புக்குத் திரும்பினால், சிவப்பு அணிப் பயிற்சியாளர் கத்துவதில் நியாயம் இருக்கிறது.

பந்தைக் கைதவறி முன்னால் விடும் நாக்-ஆனுக்கோ கிடைப்பது வெறும் ஸ்க்ரம். 19 வயதுக்குக் கீழே அதில் 1.5 மீட்டருக்கு மேல் தள்ளவும் முடியாது. பந்தைச் சுத்தமாக எடுத்து இரண்டு பாஸ் போட்டாலே அட்வான்டேஜ் முடிந்த மாதிரிதான்.

தோளுக்கு மேலே போன டேக்கிள், ஆளைத் தூக்கிப் போடுவது, ஸ்க்ரம் சரிவது: இவற்றில் எந்தக் கணக்கும் வேண்டாம், உடனே நிறுத்து. டிரை கோடு பக்கத்தில் இருக்கிறதே என்று தயங்காதே. அந்த முறைகேடான டேக்கிள் இல்லாவிட்டால் டிரை விழுந்திருக்கும் என்று பட்டால் பெனால்ட்டி டிரை கொடு. 7 புள்ளி, கன்வர்ஷன் உதை கிடையாது, தப்பு செய்தவனுக்கு அட்டையும் உண்டு. மற்றத் தப்புகளில் அட்வான்டேஜ் விட்டாலும் அட்டை எங்கேயும் ஓடிவிடாது. சட்டை எண்ணை மனதில் வை. ஆட்டம் நின்றதும் கூப்பிட்டுக் காட்டு.

விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஓடாதே, கையில் வைத்திரு. வாய்க்குக் கொண்டுபோகும் நேரத்தில் பந்து யாரிடம் போகிறது என்று தெரிந்துவிடும். ரக்கில் யார் தப்பு என்று பார்ப்பது இதைவிடப் பெரிய தலைவலி, அதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
சித்தப்பா