பட்டா கைக்கு வந்த பிறகு

ஆப்பிரிக்காவிலுள்ள ருவாண்டா, ‘ஆயிரம் குன்றுகளின் நாடு’ என அழைக்கப்படும் சிறிய நாடு. மக்களில் பெரும்பாலோர் சிறு உழவர்கள். 1959ஆம் ஆண்டு முதல் மூண்ட கலவரங்களில் பலர் அண்டை நாடுகளுக்குத் தப்பியோடினர். 1994இல் நடந்த இனப்படுகொலைக்குப் பின் அவர்கள் திரும்பியபோது, தாங்கள் விட்டுச்சென்ற நிலத்தில் வேறொரு குடும்பம் பயிரிட்டு வந்தது. பெரும்பாலும் இரு தரப்பினரிடமும் எழுத்துச் சான்று இல்லை. யாரை வெளியேற்றுவது?

2009இல் ருவாண்டா அரசு நாடு தழுவிய நிலப் பதிவுத் திட்டத்தைத் தொடங்கியது. பிரிட்டன், சுவீடன், நெதர்லாந்து ஆகிய நாடுகள் நிதியுதவி அளித்தன. தேர்ச்சி பெற்ற நில அளவையாளர்களோ மிகச் சிலரே. ஆகவே, வானிலிருந்து எடுத்த நிழற்படங்களைப் பெரிதாக அச்சிட்டு, உள்ளூர்வாசிகளுக்கே பயிற்சி அளித்தனர். நில உரிமையாளரும் பக்கத்து நிலத்தாரும் எல்லை நெடுகச் சேர்ந்து நடந்தார்கள். இருவரும் ஒப்புக்கொண்ட வரப்பு, அங்கேயே படத்தின்மேல் கோடாக வரையப்பட்டது. ஒத்துப்போகாத இடங்கள் தகராறு எனக் குறிக்கப்பட்டன. இவ்வாறு சில ஆண்டுகளிலேயே 10 மில்லியனுக்கும் மேற்பட்ட நிலத்துண்டுகள் அளவிடப்பட்டன. துண்டு ஒன்றுக்கான செலவு 10 அமெரிக்க டாலரைக்கூட எட்டவில்லை. கருவிகளைவிட அண்டை வீட்டாரின் நினைவாற்றலே இங்குப் பெரிதும் உதவியது எனலாம்.

பெண்களுக்கும் இதில் பங்கு இருந்தது. 1999இல் இயற்றப்பட்ட சட்டம், மகன்களைப் போலவே மகள்களுக்கும் வாரிசுரிமை வழங்கியிருந்தது. முறைப்படி திருமணத்தைப் பதிந்த தம்பதியர் இருவரின் பெயரும் பட்டாவில் இடம்பெற்றது. ஆனால், ஊர் வழக்கப்படி மணந்து, பதிவு செய்யாமல் வாழ்ந்த மனைவியர் ஏராளம். சோதனை முறையில் சில ஊர்களில் பணி நடந்தபோது, அவர்களின் பெயர் விடுபட்டுப் போனது தெரியவந்தது. அதன் பிறகு நடைமுறைகள் திருத்தப்பட்டன. எனினும், பதிவுத் திருமணம் தந்த அதே பாதுகாப்பு அவர்களுக்குச் சட்டப்படி கிட்டவில்லை.

பட்டா வழங்குவதைவிடக் கடினமான வேலை அதற்குப் பிறகே தொடங்கியது. முதல் பட்டாவுக்குக் கட்டணம் 1,000 பிராங்க். ஆனால், நிலத்தை விற்றுப் பெயர் மாற்ற 27,000 பிராங்க் செலுத்த வேண்டியிருந்தது. பின்னர் அது 30,000 ஆனது. பெரிய பண்ணைக்கும் சிறு காய்கறித் தோட்டத்திற்கும் ஒரே கட்டணம்! சிறு துண்டை விற்ற ஏழைகள் பலர், சாட்சிகள் முன்னிலையில் ஒரு தாளில் எழுதிக் கைமாற்றிக் கொண்டதோடு நிறுத்திவிட்டனர். உழுபவர் ஒருவர், பதிவேட்டில் இருப்பதோ முன்னவரின் பெயர். நாளை அந்த முன்னவரின் பிள்ளைகள் பங்கு கேட்டு வந்தால், அரசாங்கப் பதிவேடு அவர்கள் பக்கமே பேசும்.