பிரேக் மிதித்தால் கார் நடுங்குகிறதா?

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து மஞ்சவாடிக் கணவாய் வழியாகச் சேலத்துக்குப் பிரயாணம் செய்கிறவர்களில், இறக்கம் முழுவதும் பிரேக்கின் மீதே காலை வைத்திருப்பவர்கள், பின்பொரு நாள் சமவெளியில் பிரேக்கை மிதிக்கையில் ஸ்டியரிங் கையிலே கிடுகிடுவென்று ஆடக் கண்டு, டிஸ்க் வளைந்துவிட்டதென்று கலங்குவதுண்டு. பெரும்பாலும் நேர்ந்திருப்பது வேறு: அதீத உஷ்ணத்தால் பிரேக் பேடின் பொருள் திட்டுத்திட்டாக ஒட்டி, டிஸ்கின் கனம் இடத்துக்கிடம் மாறிவிடுகிறது, மில்லிமீட்டரில் நூறில் இரண்டு மூன்று பங்கு வித்தியாசமே துடிப்பாகத் தெரியப் போதுமானது.

ஸ்டியரிங் ஆடினால் முன்சக்கரத்தையும், ஆசனம் மட்டும் அதிர்ந்தால் பின்சக்கரத்தையும் முதலில் சந்தேகிக்கலாம். பிரேக்கைத் தொடாமலே 80 கிலோமீட்டர் வேகத்தில் நடுங்கினால், பார்க்கவேண்டியது வீல் பாலன்சிங்.

சக்கரத்தைக் கழற்றியதும், ஹப்பின் முகத்தில் படிந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தமாகத் தேய்த்தெடுக்கச் சொல்லுங்கள். மெல்லிய துருப்பொருக்கு ஒன்று இடையில் நின்றாலும் புது டிஸ்கே சாய்ந்து உட்காரும். நட்டுகளை வரிசையாக அல்லாமல் எதிரெதிராக, சம அழுத்தத்தில் முறுக்குவது அவசியம். டிஸ்கில் பொறித்துள்ள குறைந்தபட்சக் கனத்துக்கு மேல் மிச்சமிருந்தால் லேத்தில் கடையலாம். இல்லையேல் இரு பக்கத்தையும் சேர்த்தே மாற்றவேண்டும்.

கணவாயில் இரண்டாவது கியரில் இறங்குங்கள். அடிவாரத்தில் சக்கரம் புகைகிறதென்று தண்ணீரை வாரி இறைக்காமல், தானே ஆறவிடுங்கள்.