வில்லங்கம் இல்லை என்கிற வில்லங்கம்

"முப்பது வருஷத்துக்கு ஈசி போட்டுப் பார்த்தாச்சு வக்கீலம்மா. ஒரு வில்லங்கமும் இல்ல. பதிவுக்கு நாள்கூடக் குறிச்சாச்சு. நீங்க சும்மா ஒரு பார்வை பார்த்துட்டாப் போதும்."

இந்த வசனம் காதில் விழாத வாரமே எனக்குக் கிடையாது. கடைசியாகச் சொன்னவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பணிக்கொடை மொத்தத்தையும் ஒரு பழைய வீட்டில் போடவிருந்தார். ஈசி என்கிற வில்லங்கச் சான்றில் இருந்தது ஒரே ஒரு பதிவு: 1998இல் ஒருவர் அந்த வீட்டைக் கிரயம் வாங்கியிருக்கிறார். இப்போது விற்பவர் அவருடைய மகன்.

"அப்பா எங்கே?"

"இறந்துட்டாரும்மா."

"விற்கிறவரோடு பிறந்தவங்க எத்தனை பேர்?"

விழித்தார். போர் எத்தனை அடி, தண்ணீர் உப்பா, நிலை தேக்கா வேம்பா, எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. இது மட்டும் தெரியவில்லை.

வில்லங்கச் சான்று என்பது என்ன? நீங்கள் கொடுத்த சர்வே எண்ணுக்கு, நீங்கள் கேட்ட காலத்துக்குள், அந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தின் முதலாம் புத்தகத்தில் என்னென்ன பத்திரங்கள் ஏறியிருக்கின்றன என்ற பட்டியல். அவ்வளவுதான். ஒருவர் செத்துப்போனதை யாரும் சார்பதிவாளரிடம் போய்ப் பதிவதில்லை. உயிர் போன அந்த நிமிடமே சொத்து வாரிசுகளுக்குப் போய்விடுகிறது. வில்லங்கத்தில் ஒரு வரிகூட ஏறுவதில்லை. ஆசிரியர் கையிலிருந்த காகிதத்தில் பொய் எதுவும் இல்லை. அது சொல்லாத ஒன்றை அவராகவே அதில் படித்துக்கொண்டார்.

அது சொல்லாதவை இன்னும் இருக்கின்றன. உயிலைப் பதிந்தே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை; பதிந்தாலும் அது ஏறுவது மூன்றாம் புத்தகத்தில், வில்லங்கத்தில் வராது. சொத்தின் மேல் பாகப்பிரிவினை வழக்கு நடந்துகொண்டிருக்கலாம். அதுவும் பொதுவாக வராது. ஆனால் வழக்கு நடக்கும்போது வாங்கியவரை அதன் தீர்ப்பு கட்டுப்படுத்தும் என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 'எனக்குத் தெரியாதுங்க' என்று அழுது பயனில்லை. ஈகோர்ட்ஸ் தளத்தில் விற்பவர் பெயரையும் அவர் அப்பா பெயரையும் போட்டுத் தேட அரைமணி நேரம் ஆகாது. யார் செய்கிறார்கள்? அந்த அரைமணியில் கிரகப்பிரவேசப் பத்திரிகைக்கு மாடல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

விற்பவர் உங்களுக்கு முன்பே வேறொருவரிடம் முன்பணம் வாங்கி, கிரய ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருக்கலாம். தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் கிரய ஒப்பந்தத்தைப் பதிவது கட்டாயம் என்றது. பதியாத ஒப்பந்தம் செல்லாக்காசு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நம் மாநிலத்திலிருந்து போன ஹேமலதா எதிர் கஸ்தூரி வழக்கில், பதியாத ஒப்பந்தத்தையும் அதை நிறைவேற்றக் கோரும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதாவது, உங்கள் வில்லங்கத்தில் தலைகாட்டாத ஒரு காகிதம் நாளைக்கு உங்கள் மேல் வழக்காக வந்து நிற்கலாம். நீங்கள் விலை கொடுத்து, நல்லெண்ணத்தோடு, எதுவும் அறியாமல் வாங்கினீர்கள் என்று நிரூபிக்கும் பாடு உங்களுடையது.

இத்தனைக்கும் மேல், விண்ணப்பத்தில் உட்பிரிவு எண்ணைத் தப்பாகப் போட்டாலே போதும், 'வில்லங்கம் எதுவும் இல்லை' என்று அழகாக அச்சடித்து வரும். கிராமம் ஒரு சார்பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருந்தால் பழைய பதிவுகள் பழைய இடத்தில் கிடக்கும். கணினிக்கு முந்தைய காலத்துக்கு மனுப் போட்டு மேனுவல் ஈசி வாங்க வேண்டும். எனக்கு மிகச் சுத்தமான ஈசியைப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்கும்.

வாரிசுக்கு வருகிறேன். உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சுயசம்பாத்தியச் சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் சமபங்கு. பெண்களுக்குப் பங்கு 1989இல் வந்தது, 2005இல் வந்தது என்று திண்ணையில் வாதாடுகிறவர்கள் கவனிக்க: அந்தத் திருத்தங்கள் பூர்வீகச் சொத்தைப் பற்றியவை. அப்பா தானே சம்பாதித்து வாங்கிய வீட்டில் மகளுக்கு 1956ஆம் ஆண்டிலிருந்தே பங்கு உண்டு. (கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் கணக்கு வேறு.) ஆசிரியருக்கு விற்க வந்தவருக்கு அம்மா இருக்கிறார், இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள். அப்பாவைப் பெற்ற பாட்டி முன்பே காலமாகிவிட்டதால் நாலு பங்கோடு நின்றது. ஆக, முழு விலை பேசியவரால் விற்க முடிந்தது கால் வீட்டை.

"அதுக்குத்தான் சீர் செஞ்சாச்சே! அம்பது பவுன் போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சே!" என்று அவர் என் அலுவலகத்திலேயே கத்தினார். எத்தனை அண்ணன்களிடம் இதைக் கேட்டுவிட்டேன்! நகை போட்டது பாகப்பிரிவினை ஆகாது. 'எனக்கு வேண்டாம்' என்று தங்கை பொங்கலன்று வாயால் சொன்னதும் ஆகாது. பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும், அல்லது கிரயப் பத்திரத்திலேயே அவள் கையெழுத்து வேண்டும். அந்த விடுதலையும் எப்படி வாங்கப்படுகிறது? ஒரு பட்டுப்புடவை, ஒரு தட்டில் பழம், கோயிலுக்குப் போகிற வழியில் சார்பதிவகம். எதில் கையெழுத்துப் போட்டோம் என்றே தெரியாமல் போட்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன். வீடு வாங்குபவருக்கு இதில் என்ன என்று கேட்காதீர்கள். ஏமாற்றி வாங்கிய விடுதலையை ரத்து செய்யச் சொல்லி அவள் நீதிமன்றத்துக்கு வந்தால், பிரதிவாதிகளில் நீங்களும் ஒருவர். தங்கைக்கு உரிய பணம் தங்கையின் வங்கிக் கணக்குக்கே போகட்டும் என்று வாங்குகிற நீங்கள் நிபந்தனை போடுங்கள். உங்களுக்கும் பாதுகாப்பு, அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கும் நாலு காசு.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மூச்சைச் செலவழிக்க மாட்டேன்.

பட்டா இருக்கிறதா? நல்லது, வைத்துக்கொள்ளுங்கள், அது வருவாய்த்துறை ஆவணம், உரிமைமூலம் அல்ல. வங்கி கடன் கொடுத்துவிட்டதா? வங்கியின் வக்கீல் கருத்துரை எழுதுவது வங்கிக்காக. சொத்து கையைவிட்டுப் போனாலும் மாதத் தவணையை உங்களிடம்தான் கேட்பார்கள். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட்ட மனைப்பிரிவா? அந்த அனுமதி சிஎம்டிஏ அல்லது டிடிசிபியிடமிருந்து வர வேண்டும். மூலப்பத்திரம் தொலைந்துவிட்டது என்கிறாரா? எந்த அடகில் இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். பவர் ஏஜென்ட் விற்கிறாரா? பவர் கொடுத்தவர் இறந்தால் பொதுவாக பவரும் முடிந்தது; அவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றை மட்டும் நம்பாமல் நேரில் போய்ப் பாருங்கள்.

பதிவாகிவிட்டால் அரசே ஒப்புக்கொண்டது போலத்தானே என்பார்கள். 50 லட்ச ரூபாய் வீட்டுக்கு 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமுமாக நாலரை லட்சம் கட்டுகிறவருக்கு அந்த நினைப்பு வருவது இயல்பு. ஆனால் விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது பதிவுச் சட்டப்படி சார்பதிவாளரின் வேலையே அல்ல என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அதுவும் தமிழ்நாட்டுப் பதிவு விதி ஒன்றை ரத்து செய்தபோதுதான், சொன்னது.

இன்னொன்று, காசு செலவில்லாதது: போய்க் கதவைத் தட்டுங்கள். வீட்டில் யார் குடியிருக்கிறாரோ அவருக்கு என்ன உரிமை இருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆசிரியர் தட்டினார். திறந்தவர் இளைய தங்கை. கணவரை இழந்து அம்மாவோடு பின்கட்டில் இருக்கிறார். வீடு விலைபோவதே அவருக்குத் தெரியாது.

பதிவு மூன்று மாதம் தள்ளிப்போனது. அம்மா, மகன், இரண்டு மகள்கள் என நாலு பேரும் வந்து கையெழுத்திட்டார்கள். விலை நாலு வங்கி டிடியாகப் பிரிந்து போனது. விற்றவர் இன்றைக்கும் என்னைக் கோர்ட் வாசலில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்.