ஆய்வும் பயனும்

களஞ்சியத்தில் பூட்டிய விதைநெல் பயிராகாது. ஆய்வகத்துள் அடங்கிய அறிவும் அத்தகையதே.

கம்பி இழுக்கும் செலவால் சிற்றூர்களுக்குத் தொலைபேசி அரிதாயிருந்த 1990களில், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழுவினர், கம்பியின்றியே பேச்சையும் இணையத்தையும் சேர்க்கும் ‘கார்டெக்ட்’ முறையை வகுத்தனர். ஆய்வுரை எழுதியதோடு அவர்கள் அமையவில்லை. அக்கழகத்தின் முன்னாள் மாணவர் ‘மைடாஸ்’ நிறுவனத்தைத் தொடங்கி, அதற்குரிய மென்பொருளும் கருவியும் ஆக்கினர். ‘என்-லாக்’ நிறுவனம் அவற்றைச் சிற்றூர்களுக்குக் கொண்டுசென்றது. 2000ஐ அடுத்த ஆண்டுகளில், கடலூருக்கு அண்மையிலுள்ள நெல்லிக்குப்பத்துக் கரும்பு உழவர், தம் ஊரிலிருந்தே கணிப்பொறி வழியாகப் பயிர்ச்செய்திகளை அறிந்தனர்.

கைப்பேசி பரவியபின் அம்முறை மறைந்தது. அது காட்டிய நெறி நிலைத்தது. 2010இல் அக்கழகத்தருகே எழுந்த ஆய்வுப் பூங்கா அந்நெறியின் தொடர்ச்சியே.

கடலூரிலும் சிதம்பரத்திலும் பயிலும் மாணவர்களே! பிறர் குறை தீர்க்கும் ஆய்வே நிறைவுறும் ஆய்வு என உணர்வீர்களாக.