கண்ணாடி வாங்கினால் போதுமா?

நாற்பது வயதைக் கடந்த நம் வியாபாரிகளுக்குப் பேரேட்டை எட்டப் பிடித்தால்தான் எழுத்துத் தெரிகிறது. இது வெள்ளெழுத்து. கண்ணுக்குள்ளிருக்கும் வில்லை வயதினால் இறுகுவதால் வருவது, நோயன்று. கண்ணாடி அணிந்தால் போதும். ஆனால் அதை மாட்டிக்கொண்டதோடு கண்ணின் கவலை தீர்ந்ததென்று நாம் இருந்துவிடுகிறோம். இதுவே ஆபத்து.

2014-ல் மலேசியாவில் ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் தேசியக் கண் ஆய்வு நடந்தது. பார்வையிழந்தோரில் 58.6 விழுக்காட்டினருக்குக் காரணம் சிகிச்சை செய்யாத கண்புரை, 10.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. கண்புரை அறுவையால் நீங்கும். நீரிழிவோ விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. தொடக்கத்தில் வலியுமில்லை, மங்கலுமில்லை. முற்றியபின் போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை.

ஆகவே, சகோதரர்களே! இனிப்புநீர் உள்ளவர்கள் ஆண்டுக்கொருமுறை விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் கேட்டால் வழி சொல்வார்கள். செராஸிலுள்ள துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனையிலும் கண் பிரிவு உண்டு. சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும். அன்று வேன் ஓட்டாதீர்கள். கல்லாவைப் பிள்ளைகளிடம் விடுங்கள். ஆண்டுதோறும் சரக்கிருப்புக் கணக்கெடுக்கும் நாம், அந்த வாரத்திலேயே கண்ணுக்கும் ஒரு நாள் குறித்துக்கொள்வோமாக.