பனியன் துணிக்கும் மாத்திரைக்கும் ஒரே கேமராவா?

கேள்வி: எங்கள் நிட்டிங் யூனிட்டில் மெஷினுக்குள் கேமரா பொருத்தியிருக்கிறார்கள். மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கும் என் தம்பி, அங்கே மாத்திரையையும் கேமராதான் பார்க்கிறது என்கிறான். இது எப்படித் தொடங்கியது? இரண்டும் ஒரே கேமராவா?
– ஒரு வாசகர், 15 வேலம்பாளையம், திருப்பூர்

பதில்: மேற்பரப்பைப் பார்ப்பதுவரை இரண்டும் ஒரே வம்சம். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்ட் பாய்லும் ஜார்ஜ் ஸ்மித்தும் சிசிடி சில்லுக்கு வித்திட்டார்கள். ஒளியை மின்னேற்றமாக மாற்றும் சில்லு அது. 2009இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்கள். ஃபிலிம் கழுவக் காத்திராமல், எந்திரம் ஓடும்போதே அதன் வேலையைப் பார்க்க இந்தச் சில்லு வழிவிட்டது.

ஓடும்போதே பார்ப்பது ஏன் அவசியம்? உங்கள் மெஷின் 30 அங்குல விட்டம், 24 கேஜ் என்றால் அதில் சுமார் 2,260 ஊசிகள் இருக்கும். ஒரே ஒரு ஊசியின் கொக்கி உடைந்தாலும் மெஷினை நிறுத்தும்வரை துணி நெடுக நீடில் லைன் விழும். வெள்ளைத் துணியில் கண்ணுக்குத் தப்பிய கோடு, சாயம் ஏறியதும் பளிச்சென்று தெரியும். அதற்குள் நூலும் சாயமும் தண்ணீரும் செலவாகியிருக்கும்.

மாத்திரை அடிக்கும் எந்திரமும் சுற்றுவதுதான். ஊசிக்குப் பதில் அதில் பஞ்ச் என்னும் அச்சுக்கோல்கள். ஒரு பஞ்சின் முனை சிதைந்தால், சுற்றுக்கொரு மாத்திரை அதே வடுவோடு விழும். சுற்றும் எந்திரத்தில் ஒரு குறை ஒன்றாக நிற்காது.

ஆனால் மாத்திரையின் பெரிய குறை உள்ளே ஒளிந்திருக்கும். மருந்து சீராகக் கலந்ததா என்று வெளித்தோற்றம் சொல்லாது. அங்கே அகச்சிவப்பு ஒளி உதவுகிறது. 1800இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்த ஒளி அது. 1960களில் அமெரிக்க வேளாண் துறையின் கார்ல் நாரிஸ், தானியத்தின் ஈரப்பதத்தை அளக்க அதைப் பயன்படுத்தினார். ஒவ்வொரு வேதிப்பொருளும் தனக்குரிய அலைநீளங்களை உறிஞ்சிக்கொள்வதால், மருந்து எங்கே திரண்டிருக்கிறது என்பதைப் படமாகவே வரைந்துவிடலாம். அடித்து முடித்த பிறகு சோதிப்பதோடு நிற்காமல், தயாரிப்பின்போதே கண்காணிக்கும்படி 2004இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வழிகாட்டுதல் வெளியிட்டது.

எந்தக் கேமராவுக்கும் எது குறை என்பதைக் கற்றுத்தருவது மனிதக் கண்தான். செக்கிங் மேசையில் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர்கள் பெயர் வைத்த குறைகளைத்தான் உங்கள் கேமராவும் தேடுகிறது. அது மெஷினை நிறுத்தினால், உடனே மறுபடி ஓட்டிவிடாதீர்கள். முதலில் ஊசியைப் பாருங்கள்.